நேற்றிரவு எங்கே உறங்கினீர்கள்

படிவத்தின் முதல் கேள்வி அதுதான்.
டுலூத் நகரத்தில் ஜனவரி.
ஏரி கரையோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
நெடுஞ்சாலை மேம்பாலத்தின் தொண்டைக்குள்
நீலத் தார்ப்பாய் ஒன்று மூச்சுவிட்டது.
பேனாவில் மை உறைந்துவிடும், அதனால்
பென்சிலோடு குனிந்தேன்.

"இங்கேதான். வேறெங்கே?"
லவோன் ஹாக்கன்சன், ஐம்பத்தெட்டு வயது.
தாதுக் கப்பல்துறை உணவகத்தில்
பத்தொன்பது வருடம் முட்டை பொரித்தவள்.

அடி வாங்கியதுண்டா? இல்லை.
மருந்து தவறியதுண்டா? இல்லை.
விருப்பமில்லாததைச் செய்யச் சொல்லி யாராவது?
இல்லையென்றேனே.
வந்த விருந்தாளியிடம்
அடுப்பு எரியாததைக் காட்டிக்கொள்ளாதவள்போல
ஒவ்வொரு கேள்வியையும் வாசலிலேயே நிறுத்தினாள்,
வாசலே இல்லாதவள்.

கூட்டிப் பார்த்தேன். நான்கு.
நான்குக்கு ஒரு கம்பளியும்
யாரும் எடுக்காத ஒரு தொலைபேசி எண்ணும் கிடைக்கும்.
வீட்டுக்குப் பன்னிரண்டு வேண்டும்.

ஒரு மனுஷியிடம் இதை எப்படிச் சொல்வது,
உங்கள் மானத்தால் உங்களுக்கு எட்டு மதிப்பெண் நட்டம் என்று?
சொன்னேன், சுற்றி வளைத்து,
என் காலணி நுனியைப் பார்த்தபடி.
அவள் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து
கல்லை ஏற்றி வைத்தாள்.
"அப்போ கெட்டுக் குட்டிச்சுவரானால்தான் கதவு திறக்குமா?"
அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை.

மூன்றாம் முறை போனபோது அவளே கேட்டாள்:
"அழிப்பான் வைத்திருக்கிறாயா?"
இல்லைகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
காகிதம் சில இடங்களில் கிழிந்தது.
அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.
அதைத் தாங்க ஒரு படிவம் இருக்கிறது, போதும்.
பதின்மூன்று.

பிறகு பட்டியல்.
பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்;
எதிரே நிற்கும் ஆள் பிறந்ததற்குச் சான்றாகாது.
சான்றிதழ் வாங்க அடையாள அட்டை,
அட்டை வாங்கச் சான்றிதழ்.
"கோழியா முட்டையா," என்று சிரித்தாள்.
"என்னிடமே கேட்கிறார்கள் பார்."
அன்றுதான் அவள் பற்களைப் பார்த்தேன்.

பதினோரு மாதம் கழித்து
அவள் பெயர் மேலே வந்தபோது அவள் இல்லை.
நகராட்சி லாரி தார்ப்பாயை அள்ளிப் போயிருந்தது.
கல் மட்டும் கிடந்தது.
நூலகத்தின் இரண்டாம் மாடி, பேருந்து நிலையம்,
ரத்தம் விற்கும் இடம், மருத்துவமனை, மறுபடி நூலகம்.
ஒன்பது நாள்.
பத்தாவது நாளுக்குள் வராவிட்டால் பெயர் தாண்டிப் போகும்.
கடைசியில் சலவைக் கூடத்தில்
யாருடைய துணிகளோ சுழல்வதைப் பார்த்தபடி
இயந்திரத்தின் வெப்பத்தில் சாய்ந்திருந்தாள்.
"பெயர் வந்துவிட்டது," என்றேன்.
"யார் பெயர்?"

வீட்டுக்காரர் பெட்ரிச் கேட்டவை இரண்டே கேள்விகள்:
வாடகை ஒன்றாம் தேதி வருமா?
கடுங்குளிரில் குழாயைச் சொட்டுச் சொட்டாகத்
திறந்து வைப்பாரா?
இரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது.
சாவியைத் தந்தார்.
முதல் வாரம் முழுக்க, பக்கத்து வீட்டார் சொன்னார்கள்,
உள்ளிருந்து பூட்டுவதும் திறப்பதுமாக ஒரே சத்தமாம்.

ஆறு மாதத் தொடர் சந்திப்பு.
புதிய படிவம், பழைய முதல் கேள்வி.
கேட்கவே கூச்சமாக இருந்தது, ஆனாலும்
கேட்காமல் அடுத்த பக்கம் திறக்காது.
நேற்றிரவு எங்கே உறங்கினீர்கள்?

லவோன் எழுந்து உள்ளே போய்
சரிபார்த்துவிட்டு வந்ததுபோல உட்கார்ந்தாள்.
"கட்டிலில்."
பிறகு, "இடப்பக்கம்."
"வலப்பக்கம்?"
"பைகள். கட்டித்தான் வைத்திருக்கிறேன்.
ஒரு பை மட்டும் பிரித்தேன், போன வாரம்."

எழுத ஒரு வரிதான் இருந்தது.
கட்டில் என்று எழுதினேன்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"இடப்பக்கம் என்றும் போடு."