பன்னிரண்டாம் நாள்

துவாஸ், இரவுப் பணி.
நான்காம் தொட்டிக்குள் ஒரு மரம் இருக்கிறது.
வேர் கிடையாது, இலை கிடையாது,
நிழல் விழ வழியே இல்லை.
உடைத்துக் கரைத்த தயிர் போலப் பழுப்பாய்க் குழம்பு,
இருபத்தைந்து பாகை, இருட்டு,
நிற்காமல் சுற்றும் ஒரு துடுப்பு.

யூ மரம்.
எங்கோ பனிபெய்யும் சரிவில்
ஊசியிலைக்கு அடியில் கீறியெடுத்த துணுக்கு
பதினோரு வருடமாய்ச் சாகாமல் பெருகுகிறது.
தாய்மரம் இன்னும் நிற்கிறதா?
கோப்பில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.
முன்பெல்லாம் வெட்டிச் சாய்த்துப்
பட்டை உரிப்பார்களாம்,
ஒரு நோயாளிக்குப் பல மரம்.

சிராங்கூன் சாலை நாட்டுமருந்துக் கடையில்
தாளிசபத்திரி என்று ஒரு டப்பா உண்டு.
சிலர் அதுதான் இது என்கிறார்கள், சிலர் இல்லையென்கிறார்கள்.
கடைக்காரரிடம் கேட்டேன்.
‘சளிக்கா, இருமலுக்கா?’ என்றார்.

முதல் பதினோரு நாள்
சர்க்கரை, உப்பு, காற்று.
பிரிவதும் பிரிந்ததெல்லாம் மறுபடி பிரிவதும்தான் வேலை.
மருந்து சொட்டுக்கூடக் கிடையாது.
சுகமாக இருக்கிற உயிரணுவுக்கு
மருந்து செய்ய என்ன தலையெழுத்து?

பன்னிரண்டாம் நாள்
சின்னப் புட்டி ஒன்றைத் திறப்போம்.
மல்லிகை எண்ணெயில் இருக்கும் ஒரு பொருள்.
முகமூடியையும் தாண்டி வரும் வாசம்
தேக்காவில் முழம்போட்டு விற்கும் அதே வாசம்தான்,
கொஞ்சம் கசக்கினாற்போல.
மரங்களின் பாஷையில் அதற்கு
‘கடிபட்டுவிட்டோம்’ என்று பொருள்.
கடித்தவர் யாருமில்லை.
தொட்டி முழுக்க நம்பிவிடுகிறது.
வளர்வதை நிறுத்துகிறது,
வராத பூச்சிக்கு நஞ்சு சமைக்கிறது.
வடித்துச் சுத்தம் செய்து
மருந்தென்று பெயர் ஒட்டி அனுப்புவது நாங்கள்.

‘பொய் சொல்லிப் பிழைக்கிறோம்’ என்று
ஷாரிஸால் ஒருமுறை சிரித்தார்.

மார்ச்சில் ஒரு பன்னிரண்டாம் நாள்
‘நீங்களே ஊற்றுங்கள்’ என்று நகர்ந்துகொண்டார்.
கேண்டீனில் மீ ரெபுஸ் ஆறிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்.
மனைவி நோர்ஹயாத்தி. மூன்று மணி நேரச் சொட்டு.
தாதி திரும்பிய நேரம் புட்டியை எட்டிப் படித்தாராம்.
நம்முடையது இல்லை.
வேறு கம்பெனி, வேறு நாடு.
நம்முடையது கப்பலேறி ராட்டர்டாம் போகிறது.

‘என்ன செய்யும் என்று கேட்டாள்.
உயிரணு இரண்டாகும்போது உள்ளே கயிறு கட்டி இழுக்கும்,
இது கயிற்றை விறைக்க வைத்துவிடும்,
பிரியமுடியாமல் நின்றுபோகும் என்றேன்.
முடியும் அப்படித்தானா என்றாள்.’
ஆமாம் என்று சொல்ல
பேருந்து வீடுவரை வரவேண்டியிருந்ததாம்.

ஏழாம் தொட்டியில் அந்த மாதம்
ஒன்பதாம் நாளே மருந்து ஏறியிருந்தது.
மல்லிகை ஊற்றவே இல்லை.
மிஸ் கூ வரைபடத்தை எல்லோருக்கும் காட்டினார்,
யாரோ எக் டார்ட் வாங்கிவந்தார்கள்.
மறுநாள் புளித்த வாடை.
ஏதோ ஒரு வால்வு வழியாகப் பூஞ்சை.
மெய்யாகவே கடிபட்டிருந்தது.
மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது,
நாங்கள் அதை விளைச்சல் என்று குறித்திருந்தோம்.

நூற்று இருபத்தொரு பாகை நீராவி.
கொல்லும்போது தொட்டி சத்தமே போடாது,
குழாய்கள்தான் தட்டும்.
ஷாரிஸால் கண்ணாடிச் சாளரத்துக்கு முன் நின்றார்.
அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்தை
மூன்று பேர் மூன்று விதமாக நிரப்பினோம்.

இன்று நான்காம் தொட்டிக்குப் பன்னிரண்டாம் நாள்.
புட்டியை எடுத்தேன்.
‘கொடுங்கள்’ என்று கை நீட்டினார்.
ஊற்றினார், நேரம் எழுதினார், மூன்று நாற்பது.
கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது,
மிஸ் கூ திரும்ப எழுதச் சொல்லுவார்.
மூடியைத் திருகியது நான்.
முதல் பேருந்துக்குக் காத்திருக்கையில் பார்த்தேன்,
கையுறை கழற்றிய விரலிலும்
அந்த வாசம்.