சீல்

நாற்பது அடிப் பெட்டி ஒன்றை
முதுகில் ஏற்றிக்கொண்டு
துறைமுகத்திலிருந்து மணலிக்குப் போகிறவன் நான்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
பதினாறு வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
காகிதத்தில் எடை இருக்கும், கதவில் சீல் இருக்கும்.
கேட்டில் இருப்பவர் டார்ச் அடித்து
சீல் நம்பரை எழுத்தெழுத்தாகப் படிப்பார்,
கண் டாக்டரிடம் வந்தவர் மாதிரி.

ஒரேயொரு முறை, எர்ணாவூர் திருப்பத்தில்
பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது
உள்ளேயிருந்து சத்தம்:
நூறு குழந்தைகள் ஒரே நேரத்தில்
பேட்டரியில் சிரித்தார்கள்.
கிளீனர் தேசிங்கு குதித்து ஓடியேவிட்டான்.

கெசியாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.
"அப்போ முயலும் உன் வண்டியிலதான் வந்திருக்கும்."

முயல் என்றால் கட்டைவிரல் உயரம்.
மொத்தம் பன்னிரண்டு.
குடை பிடித்தது, காய்ச்சலில் படுத்தது,
ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு முழிப்பது.
பதிமூன்றாவதாகக் கறுப்பு ஒன்று உண்டாம்.
அதைப் பார்த்த பையன்
கொருக்குப்பேட்டையில் இருக்கிறானாம்.
எது வருமென்று தெரியாமல்
மூடிய பெட்டியாகத்தான் வாங்க வேண்டும்.
வகுப்பில் சம்யுக்தாவிடம் ஒன்பது.
இவளிடம் காய்ச்சல் முயல் மட்டும்,
அதுவும் காது ஒட்டவைத்தது,
கேரம் ஸ்ட்ரைக்கருக்கு மாற்றிக்கொண்டது.

பிறந்தநாளுக்கு முந்தின நாள்
பர்மா பஜாரில் ஜக்கரியா பாய் சொன்னார்:
"பிரிச்சது இருநூறு, மூஞ்சி பார்த்து எடுத்துக்கலாம்.
மூடினது தொள்ளாயிரம்."
மூஞ்சி தெரிந்தால் மலிவு.
என்ன வியாபாரமோ.
மூன்று பெட்டிகளைக் காதருகே ஆட்டினேன்.
"தராசு கொண்டாந்து நிறுக்குறவங்களே இருக்காங்கண்ணே"
என்றான் கடைப் பையன்.
நடுவில் இருந்ததை எடுத்தேன்.

கெசியா அதைத் தடவினாள், முகர்ந்தாள்,
திறக்கவில்லை.
பிரிட்ஜ் மேல், சபைக் காலண்டருக்குக் கீழே வைத்தாள்.
"திறந்தா ஒண்ணுதாம்பா.
திறக்காட்டி பதிமூணும்."
"அட்டைக்கா தொள்ளாயிரம்?" என்று
தோசையைத் திருப்பினாள் ரெபேக்கா.

பதினோரு நாள் அது அப்படியே இருந்தது.
சம்யுக்தாவும் இன்னும் நாலு பேரும்
சுனாமி குடியிருப்பின் மூன்று மாடி ஏறிவந்து
பார்த்துவிட்டுப் போனார்கள்.
பார்க்க இலவசம்,
ஆட்டிப் பார்க்க ஒரு முறுக்கு.

நேற்று ஜீரோ கேட் வரிசையில் ஒன்பது மணி நேரம்.
முன்னால் நின்ற பெட்டியின் கதவையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
விடியலில் வீட்டுக்கு வந்து
தண்ணீர் பாட்டில் எடுக்கும்போது
கை, தொழில் பழக்கத்தில்,
முயல் பெட்டியைத் திருப்பிவிட்டது.

பின்பக்கம், பழைய ஒட்டின் மேல்
புது செல்லோடேப்.
டேப்புக்குள் ஒரு நீள முடி மாட்டியிருந்தது.
இரண்டு பேருக்கும் ஒரே நீளம்.

எங்கள் தொழிலில் சீல் உடைந்திருந்தால்
வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள்.
மூன்று தாளில் எழுதி வாங்குவார்கள்.

இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்,
மின்விசிறி ஒருத்தி பக்கமாகவே சுற்றியது.
டேப் போட்ட பக்கம் சுவரைப் பார்க்க
இருந்த மாதிரியே வைத்தேன்.
ஆட்டிப் பார்க்கவில்லை.