போடாத படங்கள்

போர்ட்டோவில், டிராம் திரும்பும் முனையில்,
இரண்டு பேர் நுழைந்தால் மூன்றாமவர்
மழையில் நிற்கவேண்டிய என் கடைக்கு
டெல்மா வந்தாள்.
கைக்குட்டையில் பொதிந்த குருவிக் குஞ்சை நீட்டுவதுபோல
போனை நீட்டினாள்.

ஆற்றில் விழுந்ததாம்.
பாலத்துக் கம்பியில் சாய்ந்து
அந்தி வானத்தை எடுக்கும்போது.
(எல்லாரும் அங்கேதான் போடுகிறார்கள்.
கடையை ஆற்றுக்கு அடியில் திறந்திருக்கலாம்,
வாடகையாவது மிஞ்சும்.)

"பயப்படாதீர்கள்" என்றேன்,
யார் வந்தாலும் சொல்வதைத்தான்.
"செயலியில் ஏற்றியதெல்லாம் அப்படியே இருக்கும்.
இதோ, என் கணினியிலேயே பாருங்கள்.
ஆயிரத்து இருநூற்று நான்கு படம்.
ஒன்றுகூட நனையவில்லை."

அவள் பார்த்தாள்,
அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல.
நீல ஓடு பதித்த சுவர்.
காப்பி, நுரையில் இலை.
கடல், கடலுக்கு முன்னால் ஒரு தொப்பியும் முதுகும்.
மத்தி மீன் மேல் எலுமிச்சை, எலுமிச்சை மேல் வெயில்.
எந்தப் படத்திலும் யாரும் தும்மவில்லை.

"இவை கிடக்கட்டும்" என்றாள்.
"நான் போடாதவை வேண்டும்."

எனக்குத் தெரியும் அவற்றை.
ஒரு படம் மேடையேற
முப்பது படம் இருட்டில் நிற்கும்.
இந்த ஊர் முகங்களை நான் அறிந்ததே அப்படித்தான்:
கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து,
"இன்னும் எடுக்கலையா" என்ற வார்த்தையின் நடுவில்.
தெருவில் எதிர்ப்பட்டால்
அவர்களின் நல்ல முகம்தான்
எனக்கு அடையாளம் தெரிவதில்லை.

ஐந்து நாள் ஆயிற்று.
கழுவினேன், உலர்த்தினேன்,
உருப்பெருக்கிக்குக் கீழே மயிரிழைக் கம்பிகளை ஒட்டவைத்தேன்.
இரண்டு முறை கைவிட்டேன்.
வியாழன் இரவு அது மூச்சுவிட்டது.

மத்தோசின்யோஸ் கடற்கரையில் ஒரு காலைச் சாப்பாடு,
போனுக்குப் போன் மாறி வந்தது,
நாற்பத்து மூன்று படம்.
செயலியில் ஏறியதை முன்பே பார்த்திருந்தேன்:
கடிபடாத ஒரு முட்டைப் பணியாரம்,
கோப்பையின் காது வலப்பக்கம்.

ஆறாவதில், தட்டின் விளிம்பில் நான்கு சின்ன விரல்.
ஏழாவதில் இல்லை; யாரோ தட்டிவிட்டிருக்கவேண்டும்.
பிறகு மேசைமேல் கவிழ்ந்த ஒரு தலை, வெகுநேரம்,
பதினைந்து படத்துக்கு அது தலைமுடி மட்டும்தான்.
அப்புறம் பணியாரத்தில் ஒரு கடி.
அப்புறம் வேறு புதுப் பணியாரம்.
கடற்காகம் ஒன்று குறுக்கே பாய்ந்ததில்
எல்லாம் கலங்கி, மூன்று பேர் சிரிப்பதுபோல ஏதோ.

பையன் சிமாவ். இப்போது பதினாலு.
அப்பாவோடு லக்ஸம்பர்க்கில்.
கூப்பிட்டால், பெருவிரலை உயர்த்திய பொம்மை ஒன்றை அனுப்புவானாம்.
அவ்வளவுதான் சொன்னாள். நானும் கேட்கவில்லை.

முப்பத்தெட்டாவது படம் அசையும் வகை.
அழுத்திப் பிடித்தால் மூன்று விநாடி உயிர் வரும்.
அழுத்தினாள்.

*அம்மா, இப்போ சாப்பிடலாமா?*

பழைய குரல், ஏழு வயதுக் குரல்.
அதன் வாலில் அவளுடைய குரல்:
*கொஞ்சம் இரு, வெளிச்சம்...*
அங்கே அறுந்தது.

மறுபடி அழுத்தினாள்.
வெளியே நின்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர்
குடையை மடக்கினார், நேரம் ஆகும் என்று புரிந்ததுபோல.
எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
துடைத்த திருகுகளையே திரும்பத் துடைத்தேன்.

பணம் கொடுத்தாள். சில்லறை வேண்டாம் என்றாள்.
கதவருகே போனவள் நின்று
உயிர்த்த போனை உயர்த்தினாள்.
"உங்கள் கடையைப் போடுகிறேன்,
நாலு பேர் வரட்டும்."

நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"கொஞ்சம் தள்ளுங்கள்" என்றாள்,
"விளக்கை மறைக்கிறீர்கள்."

தள்ளினேன்.
அதற்கு முன் இரண்டு மூன்று எடுத்திருப்பாள்.
அவற்றில் இருப்பேன்.