தொண்ணூற்றொன்பது டாலர்

நாற்பது டாலர் தூண்டில் கழிகள் வாசலருகே,
பீப்பாய்க்குள் செருகிய குடைகள் மாதிரி.
முந்நூறு டாலர்க் கழிகள் கண்ணாடிக்குப் பின்னால்;
சாவி மேலாளர் இடுப்பில்.
நடுவில் இருக்கும் இந்த மரச்சட்டம்தான் என் பொறுப்பு.
எழுபதிலிருந்து நூற்றிருபது வரை.
அவசரக்காரர்கள் இங்கே நிற்பதில்லை.
யோசிக்கிறவர்கள் வருவார்கள்,
யோசித்து யோசித்து
என் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிட்டுப்
போய்விடுவார்கள்.

சிக்கமாகா ஏரிக்குக் குளிர் விடத் தொடங்கிய வாரம்
வனெட்டா ப்ரூயிட் வந்தார்.
அடுப்புத் தொழிற்சாலைச் சட்டை,
மார்பில் சிவப்பு நூலால் தைத்த பெயர்.
பழைய ஸ்பின்னிங் ரீல் ஒன்றை
ரொட்டி உறையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.
"இது இருக்கு. இதுக்கு ஒரு உடம்பு வேணும்."

ஏழடி. நடுத்தர வலு. நுனி மட்டும் சட்டென வளையும்.
கார்பன். தக்கைப் பிடி. துருவேறாத வளையங்கள்.
நான் ஒப்பித்துக்கொண்டே போனேன்.
அவர் நுனியைக் கம்பளத்தில் ஊன்றி
மெல்ல அழுத்தி
வளைவு எந்த வளையத்தில் நிற்கிறது என்று பார்த்தார்.
ரீலைப் பூட்டி, ஒரே விரலில் தாங்கி,
முகப்பு கவிழ்ந்ததும் திருப்பி வைத்தார்.
இன்னொன்றில் பிசின் வழிந்து காய்ந்திருந்ததை
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கண்டுபிடித்தார்.
பதினான்கு மாதமாக
நான் தினமும் தூசி தட்டும் கழி அது.

வலது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி இல்லையாம்,
பதினொரு வருடம் திருகாணி முடுக்கியதில்.
"பாஸ் எப்பவும் பாய்ஞ்சு கடிக்காது, தம்பி.
ரப்பர் புழுவை வாயில வெச்சுக்கிட்டு
சும்மா நிக்கும்,
வாடகைக்கு வீடு பாக்க வந்தவன் மாதிரி.
பிடிக்கலைன்னா துப்பிட்டுப் போயிடும்.
அது நிக்கும்போதே எனக்குச் சொல்ற கழி வேணும்."

பிறகு கேட்டார்:
"நுனியை உன் தொண்டையில வை. ஏதாவது பேசு."

அடிப்பிடியை இரண்டு கையாலும் பற்றி
கண்ணை மூடிக்கொண்டார்.
நாற்பது டாலர்க் கழியில் கடையின் வேலை நேரத்தைச் சொன்னேன்.
"ஊமை."
மேலாளர் சாவி கொண்டுவந்து திறந்தார்.
முந்நூறில் அதே வேலை நேரம், அதே குரல்.
கண்ணைத் திறந்தார்:
"உனக்குச் சளி பிடிச்சிருக்கு."

விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு விலை இருக்கும் என்பதுபோல.
"இது என் வண்டிக்கு ரெண்டு டயர்" என்று
கண்ணாடிக்குள் தானே கொண்டுபோய் வைத்தார்.

மிச்சம் என் சட்டத்துத் தொண்ணூற்றொன்பது.
மேலாளர் தொலைபேசிக்குப் போயிருந்தார்.
சொல்ல எனக்குச் சொல் தீர்ந்துவிட்டிருந்தது.
உதடு பிரியாமல், மூச்சைவிடக் கொஞ்சமே சத்தமாக,
நுனிக்கு மட்டும் சொன்னேன்:
நான் இதுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை.

பிடியில் அவர் விரல்கள் ஒருமுறை இடம் மாறின.
"இது போதும்."

வரியோடு நூற்றெட்டு டாலர் பதினாறு சென்ட்.
எல்லாம் ஐந்தும் ஒன்றுமாக.

மே மாதம் திரும்பி வந்தார், அதே சட்டை,
கையில் கழி இரண்டு துண்டாக.
பெரிய மீனா என்றேன், ஆசையோடு.
"வண்டிக் கதவு."
கதவுக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது
என்ற தாளை எடுத்து நீட்டினேன்.
விலையும் பத்து டாலர் ஏறியிருந்தது.
அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், என்னை அல்ல,
விலையையும் அல்ல, கதவை.

புதிய கழியின் அடியைப் பிடித்துக்கொண்டு
நுனியை என் பக்கம் நீட்டினார்.
வைத்துக்கொண்டேன்.
கண்ணை மூடிக் காத்திருந்தார்.
நான் ஒன்றும் பேசவில்லை.

"இன்னும் இல்லையா?" என்றார்.