மூன்று மில்லி

செவ்வாய்க்கிழமை, வெளுக்கும் முன்னே,
கருங்கலில் இருந்து முதல் பஸ்.
மடியில் ஐஸ் வைத்த சின்ன ஃபிளாஸ்க்.
உள்ளே பஞ்சு சுற்றிய ஒரு குழாய்:
எனக்க மகனுக்க ரத்தம், மூன்று மில்லி.

மீனா, என்றார் கண்டக்டர்.
ஆமா, என்றேன்.

மார்த்தாண்டத்தில் ஏறினவர்கள்
இருமினார்கள், பேப்பர் விரித்தார்கள்,
ஒருத்தர் என் தோளில் உறங்கியே போனார்.
டாக்டர் சொன்னதுண்டு,
முக்கால்வாசிப் பேருக்குள்ளும் அதே கிருமி
வாடகை கொடுக்காமல் படுத்துக் கிடக்கிறதென்று.
சாகிறவரை அது இருந்ததே தெரியாது.

ஜெபினுக்குள் அது எழும்பிவிட்டது.

மூன்று மாதம் முன்னே
அபிஷாவின் இடுப்பெலும்பில் இருந்து ஒரு பை எடுத்தார்கள்.
பதினொரு வயசு. நாலு நாள் நொண்டி நடந்தாள்.
ஓ பாசிட்டிவாகப் பிறந்தவன்
கொஞ்சம் கொஞ்சமாய் பி பாசிட்டிவ் ஆகிறான் என்றதும்
"லேய், இனி உனக்குள்ள ஓடுறது எனக்க ரத்தமாக்கும்,
சொன்னதைக் கேக்கணும்" என்று
அவன் பங்கு நேந்திரங்காய் வற்றலையும் தின்றாள்.

போன வாரம், சின்ன டாக்டர்
ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:
"கொடுத்தவங்ககிட்ட இருந்தும் வந்திருக்கலாம்."
பக்கத்து நாற்காலியில் அவள்
காலாட்டுவதை நிறுத்தினாள்.

அன்றிலிருந்து அவன் அறைக்குள் போகவில்லை.
கிணற்றடியில் நின்று கையைத் தேய்க்கிறாள்
தோல் சிவக்கும்வரை.
நான் முந்திரி ஆலையில்
பதினாலு வருஷம் தோடு உடைத்தவள்,
எண்ணெய் பட்டு வெந்த விரல்;
சானிட்டைசர் ஊற்றும்போதெல்லாம் வெடிப்புக்குள் தீ.
என் கையைப் பார்த்தேன்.
அவள் கையைப் பார்த்தேன்.

சொல்லியிருக்கலாம்:
மக்ளே, அது எனக்குள்ளும் இருக்கும்,
நீ பால் குடித்த நாளில் நான்தான் தந்திருப்பேன்,
தெரிந்தா தந்தேன்?

சொல்லவில்லை.
சொட்டுச் சொட்டாய் இறங்கும் அந்த மருந்தின் பெயர்கூட
எனக்கு வாயில் வராது.
கிருமியைக் கொல்லுமாம்,
அவள் கொடுத்ததிலும் கொஞ்சம் தின்னுமாம்.
வெள்ளை அணு இறங்கினால் நிறுத்துவார்கள்.
கிருமி ஏறினால் மறுபடி தொடங்குவார்கள்.

களியக்காவிளையில் மழை சாய்ந்து அடித்தது.
ஃபிளாஸ்க்கை முந்தானைக்குள் இழுத்தபோது
போன் அடித்தது.

"அம்மா, அவன் கதவைத் தட்டிட்டே கெடக்கான்.
கேரம் ஆட விளிக்கான்.
மாஸ்க் போட்டாச்சு.
காயெல்லாம் நேத்தே டெட்டால்ல கழுவி
வெயில்ல உணக்கி வச்சிருக்கேன்.
போகட்டா?"

போன செவ்வாய்க் கணக்கு
நாலாயிரத்து இருநூறு.
இந்தச் செவ்வாய்க்கு உரியது
மடியில் குளிர்ந்து கிடந்தது, இன்னும் எண்ணப்படாமல்.

"போ மக்ளே," என்றேன்.
"சிவப்புக் காயை மட்டும்
அழுதாலும் விட்டுக் கொடுக்காதே."