ஐம்பத்து மூன்றாவது புள்ளி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
பேரிங் கம்பெனிக்கு மேல்மாடி எங்கள் ஆய்வகம்.
கீழே லேத் ஓடினால்
நுண்ணோக்கியில் எல்லாமே குதிக்கும்.
தாமாக நீந்துகின்றனவா,
லேத் நீந்த வைக்கிறதா என்றறிய
சாப்பாட்டு மணிக்குக் காத்திருப்பேன்.

சக்லேஷ்பூர்ப் பக்கத்து ஊற்று ஒன்று
பன்னிரண்டு பாட்டில்களில் வந்திருந்தது.
குளோரின் காணாத தண்ணீர்.
முதல் நாள் மில்லிக்கு ஏழு உயிர்.
ஒரு வாரம் கழித்து, அதே நாள் அடைத்த பாட்டில்,
மூடி திறக்கவே இல்லை:
நாற்பதாயிரம்.
வெளியிலிருந்து யாரும் போகவில்லை.
உள்ளே இருந்தவைதான்
சுவர் கிடைத்ததும்
குடித்தனம் தொடங்கிவிட்டன.

கம்பெனி மேனேஜர் பெள்ளியப்பா
ஃபோனில், கன்னடத்தில்:
ஏதாவது இருக்கா மேடம்?
அஃறிணைக்கு 'இதாவெ' என்றிருக்க வேண்டும்.
பதினோரு வருஷம் இந்த ஊரில் இருந்தும்
வாய் தவறி 'இதாரெ' என்றேன்.
இருக்காங்க சார்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
யாரு, என்றார் பிறகு, மெதுவாக.

வயிற்றைக் கெடுப்பது எதுவுமில்லை,
ஊற்றுக்குச் சொந்தமானவை மட்டும்தான் என்று
நான் விளக்கியது
அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.
'இல்லை' என்று ஒரு வார்த்தை போட்டால்
வேலை முடியும் அவருக்கு.

ஐம்பத்திரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக வளர்த்தேன்.
சாயம் ஊற்றினால் சில ஊதா, பல ரோஸ்.
தாளில் தேய்த்தால் பத்து நொடியில் நீலம்.
புற ஊதா விளக்கடியில் இருபத்தொன்று
பச்சையாய் மினுங்கின:
ஸூடோமோனாஸ், வேறென்ன.
மானிட்டால் கொடுத்தேன், ட்ரெஹலோஸ் கொடுத்தேன்.
தின்றால் ஒன்று, தொடாவிட்டால் சுழி.
ஒன்றும் சுழியும் சேர்த்துக் கணினி
தலைகீழாக ஒரு மரம் வரைந்தது.
யார் யாருக்கு ஒன்றுவிட்ட தம்பி,
யார் வெறும் பக்கத்து வீடு,
எல்லாம் சரியாக வந்தது.

நடுவில் ஆயுத பூஜை.
ஆட்டோகிளேவுக்குக் குங்குமம் வைத்துச் சாமந்தி சாத்தி
குசுமா பூட்டிப் போனாள்.
மூன்றாம் நாள் எண்ணித் தூக்கி எறிய வேண்டிய தட்டு ஒன்று
இருபத்திரண்டு டிகிரிப் பெட்டியில்
மறந்து கிடந்தது.
பதின்மூன்றாம் நாள் பார்த்தால்
கடுகில் பாதி, மஞ்சளாக.

காற்றிலிருந்து விழுந்ததுதான் என்றாள் குசுமா.
வேறு பாட்டிலிலிருந்து மறுபடி போட்டோம்.
மறுபடியும் பதின்மூன்று நாள்,
மறுபடியும் அதே மஞ்சள்.
எந்தச் சர்க்கரையையும் தொடவில்லை.
அகாரைக் கூட ஏனோதானோவென்றுதான்.
மரத்தில் அதற்குக் கிளை இல்லை;
ஓரத்தில் ஒரு கோடு,
ஒட்டுமில்லை உறவுமில்லை.

மணி அடித்தது. லேத் நின்றது.
சில்லில் மற்றதெல்லாம் அடங்க
அது மட்டும் அடங்கவில்லை;
ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு
வேலை இருப்பது போலப் போய்க்கொண்டிருந்தது.

ரிப்போர்ட் படிவத்தில் 'மற்றவை' என்ற கட்டம்
என் சுண்டுவிரல் நகம் அளவு.
அதில் '1' என்று எழுதினேன்.
கிளிசராலில் கலந்து
மைனஸ் எண்பதில் வைத்தோம்.
பீன்யாவில் கரண்ட் போனால்
ஜெனரேட்டர் விட்ட வழி.

பன்னிரண்டாவது பாட்டிலில் பாதி மீதி.
ஆய்வகத்துக்குள் குடிக்கக் கூடாது.
படிக்கட்டுக்கு வந்து குடித்தேன்,
எண்ணாமல்.