கூப்பிடும் வரைக்கும்

ஆபரேஷன் என்றால் பட்டினி,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
என் கருப்பையை எடுத்தபோது
முந்தின இரவு ஒன்பதரைக்கு இரண்டு இட்லி, அதோடு சரி.
விடிகாலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள
நர்ஸிடம் ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டேன்.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டுப் போனாள்.

அந்த ஞாபகத்தில்தான் நேற்று மாலையே
சேமியாவின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.
டாக்டர் ஹெப்சிபா போனில் கத்தினார்:
"திரும்ப எடுத்து வைங்கம்மா!
முயலுக்கு வாந்தியே வராது.
பட்டினி போட்டா குடல் நின்னுடும்,
குடல் நின்னா அதோட சரி.
நான் கூப்பிடுற வரைக்கும்
தின்னுகிட்டே இருக்கட்டும்."

ஐந்து மணிக்குப் பட்டாளம் மார்க்கெட்.
அருகம்புல் கட்டு இருபது ரூபாய்.
"இன்னிக்கு சதுர்த்திகூட இல்லியே?" என்றாள் பூக்காரி.
முயலுக்கு என்றேன்.
காலை எடுக்கப்போறாங்க என்றேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளையாருக்கு வைத்திருந்ததிலிருந்து
இன்னொரு கட்டை உருவி
ஈரச் சாக்கில் சுருட்டிக் கொடுத்தாள்.

மயக்க மருந்து எடைக்குத் தகுந்தாற்போல் என்பதால்
காயலான் கடைத் தராசில் நிறுத்தோம்.
பழைய செய்தித்தாள் மேல், கூடையோடு.
கூடையைக் கழித்து ஒன்று எழுநூறு.
நிஜாமுதீன் படிக்கல்லை எடுத்து வைத்துவிட்டு
"கால் போனா எவ்ளோக்கா குறையும்?" என்றான்.
கேட்ட பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சிலிண்டரை உருட்டியது நான்தான்.
சமையல்கட்டு வாசலில் அது படுத்திருந்தது தெரியாமல்,
பின்னால் பார்க்காமல்.
முயல் கத்தாது என்பார்கள்.
கத்தியது.
பதினெட்டு நாள் ஆகிறது,
கட்டு, ஊசி, சீழ், மறுபடி கட்டு.
உருட்டிய கையாலேயே புல் நீட்டுகிறேன்.
மோந்து பார்த்து
அதே கையிலிருந்து இழுத்துத் தின்கிறது.
மன்னித்ததா, மறந்ததா,
அல்லது முயலுக்குக் கை வேறு சிலிண்டர் வேறா,
எனக்குத் தெரியவில்லை.

கூண்டில் அதன் பழைய துண்டையே விரித்தேன்.
துவைக்கவில்லை, வாசனை தெரிந்த துணி இருக்கட்டும் என்று.
தண்ணீர்ப் புட்டி, கொத்தமல்லிக் காம்பு,
கண் விழித்ததும் கொடுக்க ஒரு துண்டு கேரட்.
ஆட்டோ புரசைவாக்கம் பள்ளங்களில் குதிக்கும்போதெல்லாம்
கூண்டை மடியில் தூக்கிப் பிடித்தேன்.

வேப்பேரி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில்
ஒரு கன்றுக்குட்டி, இரண்டு லாப்ரடார்,
வாய் கட்டப்பட்ட ஓர் ஆடு.
எல்லாம் காலி வயிற்றோடு
எங்களையே பார்த்தன.
சேமியா மட்டும் மென்றுகொண்டிருந்தது,
கல்யாணப் பந்தியில்
கடைசி வரிசையில் உட்கார்ந்தவனைப் போல
அவசரமே இல்லாமல்.

பக்கத்தில் இன்பநாதன்.
பல்லாவரம் சந்தையில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு
இதை வாங்கியே தீருவேன் என்று நின்ற நாளிலிருந்து
வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும்
"நீ புடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று முடிப்பவர்.
இன்று காலை சாவியைத் தேடி நான் கத்தியபோது
வாயைத் திறந்தார்.
மூடிக்கொண்டார்.
அந்தப் பழமொழியை இனி எங்கள் வீட்டில்
யாரும் சொல்ல முடியாது.

பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள்:
"சேமியா யாரு?"
கன்றுக்குட்டிக்காரர் சிரித்தார். நானும்.
பச்சை உடுப்புப் பையன் அதைத் தூக்கியபோது
வாயோரம் ஒரு புல் தொங்கியது.
பிடுங்கவில்லை. உள்ளே போகும்வரை
அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்த்தேன்.

காலிக் கூண்டில் துண்டை உதறப் போனவள் நின்றேன்.
உருண்டை உருண்டையாய், இளஞ்சூடாய்ப் புழுக்கைகள்.
எண்ணினேன். ஒன்பது.
இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
குனிந்து பார்த்து, அவரும் ஒரு தரம் எண்ணினார்.